ஈரம் படாமல் ஒரு நாள்

எட்டு மாதமாய் என் ஜீப்பின் முதுகில்
ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம்.
யார் கல்யாணத்து பிளெக்ஸோ,
உடைந்த கண்ணாடிக்கு அளவாய் வெட்டியதில்
பொண்ணு கத்தரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.
கம்பம்மெட்டு வளைவுகளில்
காற்றடித்தால் அவன் கன்னம் உப்பும்.
பின்னால் வரும் பஸ்காரன்
ஹாரன் அடிக்க மறந்து சிரிப்பான்.

கண்ணாடி கிடைத்தது கட்டப்பனையில்,
காயலான் கடையில் குப்புறக் கிடந்த
ஒரு ஜீப்பின் கூண்டில்.
அறுநூறு சொன்னான், நானூறுக்குத் தந்தான்,
வெளிப்பக்கம் ஒட்டியிருந்த 'ஜின்ஸிமோள்' இலவசம்.
மலையாள எழுத்து. பிளேடு போட்டும் போகவில்லை.
யாரு அது என்றாள் என் வீட்டுக்காரி.
எனக்கென்ன தெரியும்.

இபுராம்சா பட்டறையில் அன்றைக்கு நல்ல வெயில்.
பைபர் கூண்டின் விளிம்பை
விரலால் ஒரு சுற்று வந்தான்.
பழைய பசையைச் சுரண்டி,
தின்னர் துணியால் துடைத்து,
மறுபடியும் விரல்.
"கண்ணாடி என்னைக்குமே ஒழுகாதுண்ணே,
ஓரந்தான் ஒழுகும்."

ரப்பர் பீடிங்கைக் கண்ணாடிக்கு மாட்டினான்.
அதன் உள்காடி நெடுக
சோப்புத் தண்ணீரில் ஊறிய பாவாடை நாடாவைப் புதைத்து
இரண்டு நுனியையும் கீழே தொங்கவிட்டான்.
சிரிக்காதீங்க என்றான்,
இந்த வேலைக்கு இதைவிட நல்ல கயிறு
எந்தக் கம்பெனியும் போடலை.

பிறகு அவன் உள்ளே போய்விட்டான்.
நான் வெளியே, இரண்டு உள்ளங்கையும் விரித்து.
அவன் நாடாவை இழுக்க இழுக்க
ரப்பரின் உதடு புரண்டு
கூண்டின் விளிம்பைக் கவ்வுகிறது.
இழுக்கிற இடத்தில் நான் அழுத்த வேண்டும்.
கீழ்ப்பக்கம், இடப்பக்கம்,
அழுத்துங்கண்ணே,
வலப்பக்கம்,
இன்னும்ண்ணே,
மேல்மூலைக்கு வந்தபோது
அவன் வாய் மட்டும் அசைந்தது.

கடைசி முழம் நாடா அவன் கையோடு வந்தது.
அவன் மூக்கும் என் மூக்கும் நாலு விரல் தூரத்தில்.
என்னவோ கேட்டான்.
நான் என்னவோ தலையாட்டினேன்.

துப்பாக்கியால் கருப்புப் பசை விட்டான்,
ரப்பருக்கும் பைபருக்கும் நடுவே
எறும்பு வரிசை போல, விடாமல்.
பெருவிரலால் ஒரே இழுப்பு.
"ஒரு நாள் தண்ணி படக்கூடாது."
காலையில் அஞ்சரைக்கு
பதினாலு பேரை ஏற்றி மலை ஏறணும் என்றேன்.
வானத்தைப் பார்த்தான். மேற்கே பார்த்தான்.
இங்கன பெய்யாதுண்ணே என்றான்,
அதுக்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

செக்போஸ்ட் தாண்டியதும் பிடித்துக்கொண்டது.
கம்பத்து மழை தலையில் விழும்.
இந்த மழை பக்கவாட்டில் வரும்,
சமயத்தில் கீழிருந்து மேலேயும்.
கண்ணாடி ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்த
ராசகிளி அறிவித்தாள்:
"சொட்டு இல்ல."
எல்லாரும் பார்த்தோம். இல்லைதான்.
அடுத்த வளைவில் ஒச்சம்மா தலையில் விழுந்தது,
கூரையின் நடு மூட்டிலிருந்து.
"இது எப்பத்திலேர்ந்து?"
ரொம்ப நாளாய்த்தான் இருக்கும்.
அத்தனை மழையும் மாப்பிள்ளை வழியாக வந்தபோது
இதை யார் கண்டார்கள்.

ஒச்சம்மாவுக்கு வேறு கவலை.
ஏழாவது வளைவில் தினம் அவளுக்குக் குமட்டும்.
பிளெக்ஸை ஒரு ஓரம் தூக்கினால் போதும்.
இப்போ எங்க எடுக்க, சொல்லு, என்கிறாள்.
வண்டியை நிறுத்தினேன்.
மழையில் குனிந்து நின்றாள்.
பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது,
இந்தத் தடவை நிஜமாகவே.

பதினாலு பேர் மூச்சில்
கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிட்டது.
முன்னாடி இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்க்கிறேன்.
தலைகளுக்கு மேலே யாரோ ஒரு விரல்
கணக்குப் போடுகிறது:
ஆறு நாள், நானூற்றைம்பது,
அட்வான்ஸ் கழிக்க.

வெளியே எழுதிய ஜின்ஸி எனக்கு நேராகத் தெரிகிறாள்.
உள்ளே எழுதிய கணக்குத்தான்
வலமிருந்து இடமாக ஓடுகிறது.
மீதி எவ்வளவு என்று படிப்பதற்குள்
வளைவு வந்துவிட்டது.